நேவா நதிக்கரையில் ஒரு நினைவு நாள்

நேவா நதி பின்லாந்து வளைகுடாவில் கலக்கும் இடத்தில், சதுப்பு நிலத்தைத் தூர்த்து 1703-ஆம் ஆண்டில் மகா பீட்டர் எழுப்பத் தொடங்கிய நகரம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றும், 1914 முதல் பெத்ரோகிராட் என்றும், 1924 முதல் லெனின்கிராட் என்றும், 1991 முதல் மீண்டும் பழைய பெயராலும் வழங்கி வருகிறது. சூரியன் அஸ்தமித்த பின்னும் இருள் கவியாத ஜூன் மாதத்து வெண்ணிற இரவுகளைக் காணவும், ஹெர்மிடாஜ் சித்திரசாலையில் நாட்கணக்காக உலவவும், சக்கரவர்த்திகளின் அரண்மனைகளைப் பார்த்துப் பிரமிக்கவும் யாத்திரிகர்கள் கோடையில்தான் அங்கே திரளுவது வழக்கம். நான் சென்றதோ ஜனவரிக் கடைசியில்; நதி உறைந்து, கூரைகளெல்லாம் பனி மூடி, காலை ஒன்பது மணிக்கும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும் பருவத்தில். 1944-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி அந்த நகரத்தைச் சூழ்ந்திருந்த முற்றுகை முழுவதும் நீங்கிற்று என்று பீரங்கிகள் முழங்கி அறிவித்தன. அந்தத் தினத்தை நகரத்து ஜனங்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள், அல்லது எப்படித் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள் என்பதை நேரில் அறிய வேண்டுமென்று எனக்கு நெடுநாளாக ஆசை. சென்னையில் சில காலம் தங்கிப் பரதநாட்டியம் பயின்ற அவ்வூர்ப் பெண்மணி ஒருவர், தம் பாட்டியார் வீட்டுக்கு என்னை அன்போடு அழைத்ததனால், அந்த ஆசை நான் எண்ணியதைக் காட்டிலும் பூரணமாகவே நிறைவேறியது.

முற்றுகையின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1941 ஜூன் மாதத்தில் சோவியத் நாட்டின்மீது படையெடுத்த ஜெர்மானியர், அவ்வருஷம் செப்டம்பர் 8-ஆம் தேதி லடோகா ஏரிக்கரையை எட்டி, லெனின்கிராடுக்குச் செல்லும் கடைசித் தரைவழியையும் அடைத்தார்கள். வடக்கே பின்லாந்துப் படைகள் நின்றன. அதே தினத்தில் விழுந்த குண்டுகளால் பதாயெவ் தானியக் களஞ்சியங்கள் எரிந்தன. அங்கிருந்த சர்க்கரை உருகி மண்ணோடு கலந்தது. பின்னால் பசி முற்றிய நாட்களில் ஜனங்கள் அந்த மண்ணைத் தோண்டி எடுத்துக் கரைத்து வடிகட்டி இனிப்புத் தண்ணீராகக் குடித்தார்கள். நகரம் சரணடைய முன்வந்தாலும் ஏற்பதில்லை, பட்டினியாலும் பீரங்கியாலும் அதை அழித்துவிடுவதே என்று ஹிட்லர் தீர்மானித்திருந்தான். உள்ளே அகப்பட்டுக்கொண்டவர்கள் சுமார் இருபத்தைந்து லட்சம் பேர். நவம்பர் 20-ஆம் தேதி முதல் டிசம்பர் 25-ஆம் தேதி வரை, குழந்தைகளுக்கும், காரியாலய ஊழியர்களுக்கும், பிறரை அண்டிப் பிழைப்போருக்கும் நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. அந்த ரொட்டியிலும் மாவோடு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. லடோகா ஏரி உறைந்ததும், நவம்பர் 22-ஆம் தேதி முதல் அந்தப் பனிக்கட்டியின்மேல் லாரிகள் ஓடலாயின. அந்த வழியாகத் தானியம் உள்ளே வந்தது, முதற் குளிர்காலம் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வெளியேறினார்கள். அப்படியும், 872 நாட்கள் நீடித்த முற்றுகையில், குறைத்துச் சொல்லுகிறவர்களே ஆறு லட்சத்துக்கு மேல் என்று சொல்லும் அளவுக்கு உயிர்கள் போயின. பத்து லட்சம் என்று கணிப்பவர்களும் உண்டு. பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அன்று, பசி.

ஜனவரி 27-ஆம் தேதி காலையில் பிஸ்கர்யோவ்ஸ்கோயே மயானத்துக்குப் புறப்பட்டோம். பாட்டியார், பேத்தியார், நான் ஆகிய மூவரும் மெட்ரோ ரயிலில் சென்று, பிறகு பஸ் ஏறினோம். பஸ்ஸில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் சிவந்த கார்னேஷன் மலர்கள் இருந்தன. எல்லோரும் இரட்டைப்படையாகவே வைத்திருந்தார்கள், ஏனெனில் அந்நாட்டில் ஒற்றைப்படை மலர்கள் சுபகாரியங்களுக்கு உரியவை, இரட்டைப்படை மலர்கள் மரித்தோருக்கு உரியவை. பாட்டியாராகிய அம்மையாரோ மலர்களோடு ஒரு காகிதப் பையையும் மடியில் வைத்திருந்தார். அதனுள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

மயானத்தின் வாயிலில் அணையா விளக்கு எரிகிறது. அங்கிருந்து நீண்ட நடைபாதை, கையில் மாலை தாங்கி நிற்கும் தாய்நாட்டின் சிலை வரையில் நேரே செல்ல, அதன் இருபுறமும் பனி போர்த்திய தாழ்ந்த மேடுகள் வரிசை வரிசையாக நீள்கின்றன. ஒவ்வொரு மேடும் ஒரு பெருங்குழி, மொத்தம் 186. அவற்றின் தலைமாட்டில் உள்ள கருங்கற்களில் ஒருவர் பெயரும் கிடையாது, வருஷம் மாத்திரமே செதுக்கப்பட்டிருக்கிறது: 1942, 1942, மீண்டும் 1942. போர்வீரர்கள் புதைந்த இடமென்றால் நட்சத்திரமும், குடிமக்கள் புதைந்த இடமென்றால் அரிவாளும் சுத்தியலும் அதனோடு காணப்படும். 4,20,000 நகரவாசிகளும் 70,000 வீரர்களும் இங்கே உறங்குகிறார்கள் என்று அறிவிக்கிறது அங்குள்ள வாசகம். சிலையின் பின்னால் எழும் மதிலில், முற்றுகைக் காலம் முழுவதும் வானொலியில் பேசி அந்நகரத்தாருக்குத் தைரியம் ஊட்டிய கவி ஓல்கா பெர்கோல்ட்ஸ் எழுதிய வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஜனங்கள் அவற்றை உதடசைத்துப் படித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

அம்மையார் ஒரு குறிப்பிட்ட மேட்டருகே சென்று நின்றார். இன்னார் இன்ன குழியில் இருக்கிறார் என்று அறிய வழியில்லாதபடியால், ஒவ்வொரு குடும்பமும் தானே ஒரு மேட்டைத் தேர்ந்து அதைத் தன்னுடையதாகப் பாவித்துக்கொள்கிறது. ஐந்து வயதில் இறந்த தம் மாமனுக்காக அவருடைய தாயார் தேர்ந்த மேடு அது. காகிதப் பையைப் பிரித்து, ஒரு துண்டு கறுப்பு ரொட்டியையும் வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள் சிலவற்றையும் எடுத்துப் பனியின்மேல் வைத்தார். சுற்றிலும் நோக்கினேன், மேடுதோறும் ரொட்டித் துண்டுகளும் மிட்டாய்களும் பிஸ்கோத்துகளும் மலர்களுக்கு நடுவே இருந்தன. இறந்தவர்களுக்குப் பிரியமானதைச் சமைத்து இலை போட்டுப் படைக்கும் நம் வீடுகளின் வழக்கம் என் மனத்தில் தோன்றியது. ஆனால் இங்கே படைக்கப்படுவது அவர்கள் ருசித்து உண்டது அன்று, உண்ணக் கிடைக்காமற்போனது என்று எண்ணியபோது, என்னால் சிறிது நேரம் தலை நிமிர முடியவில்லை.

நகர மத்திக்குத் திரும்பியதும், மதிய உணவுக்கு முன் ஒரு சதுக்கத்தை நான் பார்த்தேயாக வேண்டும் என்று அம்மையார் சொன்னார். அது செயின்ட் ஐசக் தேவாலயத்தின் முன் உள்ள சதுக்கம். பொற்கலசக் குவிமாடம் மேகத்தினிடையே மங்கலாக ஒளிர்ந்தது. அத்தேவாலயத்தின் பிரம்மாண்டமான கருங்கல் தூண்களில் குண்டுச் சிதறல்கள் குதறிய வடுக்கள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. இந்நகரத்தின்மேல் எதிரிகள் ஏவிய 1,48,478 பீரங்கிக் குண்டுகளில் ஒன்றின் அடையாளம் இது என்று ஒரு பலகை கூறுகிறது. ஆயினும் அம்மையார் எனக்குக் காட்ட விரும்பியது தூணை அன்று, தரையை. 1942-ஆம் ஆண்டுக் கோடையில் அந்தச் சதுக்கம் முழுவதையும் கொத்திப் பாத்தி கட்டி, அங்கே முட்டைக்கோஸ் பயிரிட்டார்கள். தேவாலயத்தின் முன்னால் பெண்கள் கோஸ் அறுவடை செய்யும் புகைப்படம் இன்று அந்நாட்டில் யாவருக்கும் தெரிந்த ஒன்று. முதற் குளிர்காலத்தில் பிணங்களைச் சறுக்குவண்டியில் இழுத்துச் சென்ற அதே கைகள், வசந்தம் வந்ததும் தெருக்களைச் சுத்தம் செய்து, பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் விதை ஊன்றின.

விதை என்று சொல்லும்போது அச்சதுக்கத்தின் ஓரத்திலேயே நிற்கும் தாவர ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நிக்கொலாய் வாவிலோவ் என்னும் மேதை, உலகத்தின் பல பாகங்களுக்கும் யாத்திரை செய்து திரட்டிய தானிய விதைகளும் கிழங்குகளும் அங்கே பாதுகாக்கப்பட்டிருந்தன. 1940-இல் சிறைப்பட்ட வாவிலோவ், 1943 ஜனவரி 26-ஆம் தேதி சராத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். உலகத்தின் க்ஷாமத்தைத் தீர்க்க விதை சேர்த்தவருக்கு அப்படி ஒரு மரணம் விதித்திருந்தது. அவர் விட்டுச்சென்ற பொக்கிஷத்தைக் காத்த அவருடைய சகாக்களோ, மூட்டை மூட்டையாகத் தானியம் சூழ்ந்திருக்க, அதில் ஒரு மணியும் தொடாமல், ஒருவர் பின் ஒருவராகப் பசியால் மாண்டார்கள். நெல்வகைகளுக்குப் பொறுப்பாளராயிருந்த திமித்ரி இவானோவ் இறந்தபோது, அவர் பாதுகாத்த ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. நிலக்கடலை வகைகளைப் பேணிய அலெக்ஸாண்டர் ஷூக்கின் தம் மேஜையருகிலேயே உயிர் துறந்தார். நெல்லும் கடலையும் தினந்தோறும் உண்டு வளர்ந்த தேசத்திலிருந்து வந்தவன், அந்தச் சாதாரணமான பழைய கட்டடத்தின் முன் கை கூப்பாமல் போவது எவ்வாறு?

அம்மையாரின் வீடு வசீலியெவ்ஸ்கி தீவில், ஒரு பழைய மாளிகையின் நான்காவது மாடியில் இருந்தது. வெளியே பனிக்காற்று, உள்ளே நுழைந்ததும் கண்ணாடி ஜன்னல்களில் நீராவி படியும்படி அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. அதில் இருந்தது "ஷீ" என்னும் முட்டைக்கோஸ் சூப். ஏழை குடிசையிலும் பிரபு மாளிகையிலும் பல நூற்றாண்டுகளாகக் கொதித்து வந்த ஆகாரம் அது. உப்பிட்டுப் புளிக்கவைத்த கோஸை மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைப்பது அதன் ரகசியம். முந்தின நாள் செய்து, ஓர் இரவு குளிரில் வைத்து, மறுநாள் சுடவைத்தால் ருசி கூடும் என்பது அவ்வூர்க் குடும்ப ஸ்திரீகளின் அனுபவம். மாமிசம் இட்டே பெரும்பாலும் செய்வார்களாயினும், நான் மாமிசம் உண்பதில்லை என்பதை முன்பே கேட்டறிந்த அம்மையார், கோடையில் தாமே காட்டில் பறித்து நூலில் கோத்து உலர்த்திய காளான்களை ஊறவைத்து, அந்த நீரையே சாரமாகக்கொண்டு சமைத்திருந்தார். காரட்டும் வெங்காயமும் வதக்கிச் சேர்த்து, உருளைக்கிழங்கு வெந்ததும், இறக்கும் தறுவாயில் மிளகும் இரண்டு பிரிஞ்சி இலையும் போட்டார்.

பிரிஞ்சி இலையைப் போடும்போது அவர் கை சற்று நின்றது. அதன் காரணத்தை, பேத்தியார் மொழிபெயர்க்க, அவரே சொன்னார். முற்றுகையின்போது உண்ண ஒன்றும் அகப்படாத கடைகளில் பிரிஞ்சி இலையும் கடுகும் மாத்திரம் சிறிது காலம் கிடைத்தனவாம். தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரத்தைத் தண்ணீரில் காய்ச்சி, அதன் நாற்றம் தெரியாதிருக்க அந்த இலையைப் போட்டு, ஆறவைத்து, கூழாக உறைந்ததும் வெட்டிப் பங்கிட்டு உண்டார்கள். ஒன்பது வயதுச் சிறுமியாயிருந்த அம்மையாரின் தாயார் அப்படி உண்டு பிழைத்தவர்.

"என் தாயார் ஆயுள் முழுவதும் இந்த இலையின் வாசனையை வெறுத்திருக்கலாம், ஐயா. ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. யுத்தம் முடிந்து முதல் தடவை கோஸும் கிழங்கும் வயிறாரக் கிடைத்த அன்று, வேண்டுமென்றே இந்த இலையை அதில் போட்டுச் சமைத்தாராம். இது நல்ல சூப்புக்கு உரிய பொருள், இதை வச்சிரத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்வார்" என்றார் அம்மையார்.

கனமான கறுப்பு ரொட்டியும், மேலே ஒரு கரண்டி புளித்த பாலேடும், பொடியாக நறுக்கிய சதகுப்பைக் கீரையும் சேர, அந்த சூப்பின் புளிப்பும் மணமும் குளிரில் விறைத்திருந்த உடம்பில் பரவியபோது உண்டான சுகத்தை நான் மறைக்க விரும்பவில்லை. காலையில் மயானத்தில் நின்றவன் மதியம் இப்படி ருசித்து உண்ணலாமா என்ற சங்கோசம் எனக்கு முதலில் இருந்தது உண்மை. இரண்டாம் முறை பரிமாற வந்த அம்மையார் அதை என் முகத்தில் கண்டுகொண்டார் போலும். இந்த நாளில் இந்த வீட்டில் யாரும் குறைத்துச் சாப்பிடக் கூடாது என்பது தம் தாயார் வகுத்த சட்டம் என்று சொல்லி, கிண்ணத்தை நிரப்பினார்.

தாயார் வகுத்த சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. மயானத்துக்குப் போய், சூப் சாப்பிட்டபின், மாலையில் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போக வேண்டும். 1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மின்சாரம் நின்றதும் நகரத்துப் படமாளிகைகள் இருண்டன. அடுத்த வசந்தத்தில், டிராம் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கிய காலத்தில், அவற்றின் கதவுகளும் திறந்தன. அப்போது அந்தச் சிறுமியை அவள் அத்தை ஒரு படத்துக்கு அழைத்துச் சென்றாள். படத்தின் கதையில் ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. ஒரு காட்சியில் விருந்து மேஜை ஒன்று தோன்ற, கொட்டகை முழுவதும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டது, பிறகு யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள் என்பது மாத்திரம் கடைசி வரையில் நினைவிருந்ததாம். பல மாதங்களுக்குப் பின் பல மனிதர்கள் சேர்ந்து சிரித்ததை அவள் கேட்டது அன்றுதான். பிற்காலத்தில், 1954-இல் ராஜ் கபூரின் "ஆவாரா" சோவியத் நாட்டுக்கு வந்து கோடிக்கணக்கானோரை மயக்கியபோது, கைக்குழந்தையாயிருந்த தம்மைத் தூக்கிக்கொண்டு தாயார் அதை மூன்று முறை பார்த்தார் என்று சொல்லி, நான் இந்தியன் என்பதனால் அம்மையார் அதன் பாட்டை ஒரு கணம் முணுமுணுத்தும் காட்டினார்.

நாங்கள் சென்றது நேவ்ஸ்கி வீதியில் உள்ள அவ்ரோரா படமாளிகைக்கு. 1913-இல் பிக்காடிலி என்ற பெயரோடு திறக்கப்பட்ட அந்தக் கொட்டகைக்கு இந்நகரத்தின் யுத்த சரித்திரத்தோடு ஓர் அபூர்வமான சம்பந்தம் உண்டு. 1920-களில், தந்தையை இழந்து வறுமையில் வாடிய குடும்பத்துக்காக, இளம் மாணவர் ஒருவர் இந்நகரத்துப் படமாளிகைகளில் மௌனப் படங்களுக்குப் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். அவர் வாசித்த இடங்களில் இதுவும் ஒன்று. அவர்தாம் திமித்ரி ஷோஸ்தகோவிச். ஜெர்மானியப் படையெடுப்பின் ஆரம்பத்தில் சங்கீதக் கல்லூரியின் தீயணைப்புப் படையில் தொண்டு செய்துகொண்டே தம் ஏழாவது ஸிம்பொனியைத் தொடங்கியவர். அவர் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, குய்பிஷெவில் அதை முடித்தார். அந்த இசைக்குறிப்பு விமானத்தில் முற்றுகையைத் தாண்டி லெனின்கிராடை வந்தடைந்தது. ஆனால் வாசிக்க ஆள் ஏது? வானொலி வாத்தியக் குழுவினரில் பலர் இறந்திருந்தனர், எஞ்சியவர்களில் ஊதுவோருக்கு மூச்சில்லை. நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க், உயிரோடிருந்த வித்வான்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்து, படைகளின் வாத்தியக்காரர்களையும் வரவழைத்து, 1942 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பில்ஹார்மோனியா மண்டபத்தில் அதை அரங்கேற்றினார். அவ்வேளையில் குண்டுகள் நகரத்தில் விழாதபடி, சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே எதிரியின் நிலைகளைத் தாக்கி அடக்கின. ஒலிபெருக்கிகள் வழியாக இசை தெருவெங்கும் பரவி, எதிரியின் அகழிகளுக்கும் எட்டியது.

நாங்கள் பார்த்த படத்தில் யுத்தமும் இல்லை, முற்றுகையும் இல்லை. இளங்காதலர் இருவர் பிணங்கிப் பின் கூடும் ஒரு சாதாரணமான நகைச்சுவைக் கதை. காலையில் கார்னேஷன் மலர்களோடு பஸ்ஸில் வந்தவர்களைப் போன்றவர்களே கொட்டகையிலும் நிறைந்திருந்தார்கள். குழந்தைகள் வெடித்துச் சிரித்தார்கள். அம்மையார் கண்ணில் நீர் வரும்படி சிரித்தார்.

மறுநாள், கோடைத் தோட்டத்துக்கு அருகில் உள்ள முற்றுகை அருங்காட்சியகத்துக்குச் சென்றபோதுதான், இவை அனைத்தின் பொருளும் எனக்குத் தெளிந்தது. யுத்தம் முடியும் முன்பே கண்காட்சியாகத் தொடங்கி 1946-இல் அருங்காட்சியகமாக உயர்ந்த அந்த ஸ்தாபனத்தில், ஜனங்கள் தங்கள் நாட்குறிப்புகளையும், ரொட்டிச் சீட்டுகளையும், சறுக்குவண்டிகளையும் கொண்டுவந்து சேர்த்திருந்தனர். 1949-இல் ஸ்டாலின் ஆட்சி, முற்றுகைக் காலத்தில் நகரத்தை நிர்வகித்த தலைவர்களையே துரோகிகள் என்று குற்றஞ்சாட்டிச் சிறையிட்டு, அடுத்த ஆண்டில் முக்கியமானவர்களைச் சுட்டுக் கொன்றது. அதே அலையில் அருங்காட்சியகமும் மூடப்பட்டு, பின்னர் கலைக்கப்பட்டது. அது மறுபடியும் திறந்தது 1989-இல். பிஸ்கர்யோவ்ஸ்கோயே நினைவுத்தலமும் 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. இடையே எத்தனை வருஷங்கள்! அத்தனை வருஷங்களிலும் லட்சோபலட்சம் இறந்தோரின் ஸ்மரணையை யார் காத்தார்கள்? எந்த மண்டபத்தில் அது வைக்கப்பட்டிருந்தது?

அடுக்களையில் என்பதே அதற்கு விடை. பிரிஞ்சி இலையை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு தாயிடத்தில், ஜனவரி 27-ஆம் தேதி யாரும் குறைத்துச் சாப்பிடக் கூடாது என்ற ஒரு வீட்டுச் சட்டத்தில், ஆண்டுதோறும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிரிக்கவைத்த ஒரு வழக்கத்தில் அது ஜீவித்திருந்தது. அரசாங்கம் ஓர் உத்தரவினால் அருங்காட்சியகத்தை மூடலாம், தஸ்தாவேஜுகளை எரிக்கலாம், பெயர்களைச் சரித்திரத்திலிருந்து நீக்கலாம். ஒரு குடும்பம் சூப் கொதிக்கும் நேரத்தில் சொல்லும் கதையை நிறுத்த அதனால் இயலாது. இறந்தவர்களுக்காகச் சுகத்தைத் துறப்பதே உயர்ந்த நினைவு என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அந்த நகரத்தார் வேறொரு தர்மத்தை எனக்குக் கற்பித்தார்கள். எதிரி பறிக்க நினைத்தது சூடான சூப்பையும், வெளிச்சமான கொட்டகையையும், கூடிச் சிரிக்கும் ஒரு மாலையையும்தான். ஆகவே அவற்றை நிறைவாக அனுபவிப்பதும், அனுபவிக்கும்போது யாரால் அது கிட்டியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதும், கல்லில் பொறித்த எந்த வாசகத்துக்கும் குறையாத அஞ்சலி என்பது அவர்களுடைய கொள்கை.

ஆதலால், அந்நகரத்துக்குச் செல்லும் தமிழ் யாத்திரிகர்களுக்கு என் வேண்டுகோள் இது: அரண்மனைகளை அவசியம் பாருங்கள்; ஆனால் ஒரு நாளை ஒதுக்கி, காலையில் மயானத்தில் சிறிது ரொட்டி வைத்து வணங்குங்கள், மதியம் யாராவது ஒரு வீட்டில் அழைத்தால் மறுக்காமல் அமர்ந்து இரண்டு கிண்ணம் சூப் உண்ணுங்கள், மாலையில் பாஷை புரியாவிட்டாலும் ஒரு படத்துக்குச் சென்று அந்த ஜனங்களோடு சேர்ந்து சிரியுங்கள். இம்மூன்றில் ஒன்றை விட்டாலும், லெனின்கிராடைக் காத்தவர்கள் எதற்காக அதைக் காத்தார்கள் என்பது முழுவதும் விளங்காது.